அழுக்கில் பிறந்த கற்றை

தங்கத்தில் ஹைட்ரஜன் கிடையாது. ஆனால் 1990களின் இறுதியில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில், அன்றைய உலகின் மிக வலிய லேசரை மெல்லிய தங்கத் தகட்டின் மீது பாய்ச்சியபோது, தகட்டின் மறுபுறத்திலிருந்து குவிந்த கற்றையாகக் கிளம்பி வந்தவை புரோட்டான்கள். அதாவது ஹைட்ரஜன் அணுவின் கருக்கள். எண்ணிக்கையும் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்னேவ்லியும் அவரது குழுவினரும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையின்படி, 10 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் கொண்ட புரோட்டான்கள் மட்டும் ஒரே சுடலில் 2×10¹³. அவற்றில் மிக வேகமானவை 58 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியிருந்தன. லேசர் கொடுத்த ஆற்றலில் 48 ஜூல், அதாவது 12 சதவீதம், இந்தக் கற்றைக்குப் போயிருந்தது. அந்த லேசரைக் கட்டியவர்கள் புரோட்டானைத் தேடிப் போனவர்கள் அல்லர். அணுக்கரு இணைவு எரிபொருளை எலக்ட்ரான்களால் பற்றவைக்க முடியுமா என்று பார்ப்பதே அவர்களது நோக்கம்.

ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? அழுக்கிலிருந்து. வெற்றிட அறைக்குள் எவ்வளவு கவனமாக வைத்தாலும், எந்த உலோகப் பரப்பின் மீதும் நீராவியும் எண்ணெய்ப் பிசுக்கும் சில நானோமீட்டர் தடிமனுக்குப் படிந்துவிடும். லேசர் பிளாஸ்மாவில் வேகமாகப் பறக்கும் அயனிகளில் பெரும்பங்கு இந்தப் படிவிலிருந்து வரும் புரோட்டான்களே என்பது 1980களிலேயே லாஸ் அலமோஸ் ஆய்வாளர்களுக்குத் தெரியும். ஆனால் அப்போது அது ஒரு தொந்தரவு. அளவீட்டைக் குழப்பும் மாசு. லிவர்மோரில் அந்த மாசு ஒரு திசையில், ஒழுங்கான கற்றையாக, முடுக்கிகளில் மட்டுமே கிடைக்கும் ஆற்றலோடு வந்து நின்றதுதான் புதிது.

அடுத்து வந்த கேள்வி இன்னும் சுவாரசியமானது. தகட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. அழுக்கு இரண்டிலும் இருக்கிறது. புரோட்டான்கள் லேசர் விழும் முன்முகத்திலிருந்து கிளம்பித் தகட்டைத் துளைத்துக்கொண்டு வருகின்றனவா, அல்லது லேசர் தொடவே தொடாத பின்முகத்திலிருந்து கிளம்புகின்றனவா? பார்க்க அற்பமான வழக்கு. ஆனால் இதற்கு விடை தெரியாமல் இந்த முடுக்கி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. அதை மேம்படுத்தவும் முடியாது. இந்த வழக்கைத் தீர்த்துவைத்தது இன்னும் பெரிய லேசர் அல்ல. எதை எப்படி அளப்பது என்ற கலைதான் தீர்த்தது. லேசர் முடுக்கத்தின் கால் நூற்றாண்டு வரலாற்றைத் திறன் எண்களின் பட்டியலாகவே எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வரலாறு பெரும்பாலும் அளவீட்டின் வரலாறாகவே தெரிகிறது.

லேசரைப் பற்றிச் சுருக்கமாக. 1985-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்டிரிக்லாண்டும் ஜெரார்ட் மூரூவும் ஒரு தந்திரத்தைக் கண்டார்கள். குறுகிய ஒளித்துடிப்பை முதலில் நேரத்தில் நீட்டிவிடுவது. நீண்டு மெலிந்த துடிப்பை, கண்ணாடிகள் சிதையாமல், பெருக்குவது. கடைசியில் கீற்றணிகளைக் கொண்டு மறுபடியும் சுருக்குவது. இதற்காக இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த முறையில்தான் லிவர்மோரின் நோவா லேசரின் ஒரு கிளை 1996-இல் பெட்டாவாட், அதாவது 10¹⁵ வாட் திறனைத் தாண்டியது. திறன் மிரட்டுகிறது, ஆற்றல் மிரட்டாது. 30 பெம்டோநொடி மட்டுமே நீடிக்கும் ஒரு பெட்டாவாட் துடிப்பில் இருப்பது 30 ஜூல். மூன்று கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் தூக்க ஆகும் ஆற்றல், அவ்வளவே. அதைச் சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள புள்ளியில் குவிக்கும்போதுதான் சதுர சென்டிமீட்டருக்கு 10²⁰ வாட்டுக்கும் மேலான செறிவு கிடைக்கிறது.

அந்தச் செறிவில் ஒளியின் மின்புலம் எலக்ட்ரானை ஒரே அலைவுக்குள் ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்குக் கொண்டுபோய்விடும். தகட்டின் முன்முகம் துடிப்பின் உச்சி வருவதற்கு முன்பே பிளாஸ்மாவாகிவிட்டிருக்கும். அந்தப் பிளாஸ்மாவிலிருந்து சில மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு எலக்ட்ரான்கள் தகட்டுக்குள் பாய்கின்றன. சில பத்து மைக்ரோமீட்டர் தங்கம் அவற்றுக்கு ஒரு தடையே அல்ல. மறுபுறம் வெளியேறி வெற்றிடத்துக்குள் போக முயல்கின்றன. ஆனால் எலக்ட்ரான்கள் போனால் தகடு நேர்மின்னூட்டம் பெறும். அந்த மின்னூட்டம் அவற்றைத் திரும்ப இழுக்கும். விளைவு, பின்முகத்தை ஒட்டிச் சில மைக்ரோமீட்டர் தடிமனில் மேகம் கட்டி நிற்கும் ஓர் எலக்ட்ரான் உறை.

இந்த உறையின் மின்புலத்தைக் காகிதத்திலேயே மதிப்பிடலாம். எலக்ட்ரான்களின் வெப்பநிலை 1 மெகா எலக்ட்ரான் வோல்ட், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10¹⁹ என்று கொண்டால், உறையின் தடிமனைக் குறிக்கும் டிபை நீளம் 2 மைக்ரோமீட்டருக்குச் சற்று அதிகம். பத்து லட்சம் வோல்ட்டை அந்த இடைவெளியால் வகுத்தால் மீட்டருக்கு ஏறத்தாழ 4×10¹¹ வோல்ட். வழக்கமான ரேடியோ அலை முடுக்கிகளில் மீட்டருக்குச் சில பத்து லட்சம் வோல்ட்டிலிருந்து சில கோடி வோல்ட் வரைதான் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் உலோகச் சுவரில் மின்பொறி பறக்கும். பிளாஸ்மாவுக்கு அந்தப் பயம் கிடையாது. ஏற்கெனவே உடைந்துபோன பொருளை இனி உடைப்பதற்கு என்ன இருக்கிறது? உறையின் புலம் பின்முகத்தில் படிந்திருக்கும் அழுக்கை உடனடியாக அயனியாக்குகிறது. அயனிகளிலேயே மிக லேசான புரோட்டான் முதலில் ஓடிவிடுகிறது. முன்னால் ஓடிய புரோட்டான்கள் எலக்ட்ரான் மேகத்தின் இழுப்பைப் பகிர்ந்துகொண்டுவிடுவதால், பின்னால் வரும் கார்பனுக்கும் தங்கத்துக்கும் மிச்சம்தான் கிடைக்கிறது. ஸ்காட் வில்க்ஸும் சகாக்களும் 2001-இல் விரிவாக எழுதிய இந்த விளக்கம்தான் பின்முக உறைமுடுக்கம். ஆய்வாளர்கள் பேச்சில் டி.என்.எஸ்.ஏ.

விளக்கம் அழகாக இருந்தது. எல்லோரும் ஏற்கவில்லை.

2000-ஆம் ஆண்டிலேயே இன்னும் இரண்டு குழுக்கள் இதே மாதிரியான புரோட்டான்களைக் கண்டிருந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மக்ஸிம்சுக் குழு 1.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரையிலும், இங்கிலாந்தின் ரூதர்போர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் வல்கன் லேசரைக் கொண்டு கிளார்க் குழு 18 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரையிலும் அளந்தன. இரு குழுக்களும் முன்முகத்தின் பக்கம் நின்றன. வல்கனில் புரோட்டான்கள் வளையங்களாகப் பதிந்திருந்தன. தகட்டுக்குள் கடக்கும்போது அங்குள்ள பிரம்மாண்டமான காந்தப்புலங்கள் அவற்றை வளைத்திருக்க வேண்டும் என்று கிளார்க் குழு வாதிட்டது. மிச்சிகனில் பின்னர் இன்னொரு சோதனையும் நடந்தது. டியூட்டீரியம் கலந்த படிவை முன்முகத்தில் பூசினார்கள். மறுபுறம் வைத்த போரானில் கதிரியக்கக் கார்பன்-11 உண்டாயிற்று. முன்முகத்துப் பொருள் தகட்டைக் கடந்து வந்ததற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பின்முகத்தை ஆதரித்த லிவர்மோர் பக்கத்தின் வலுவான வாதம் ஆப்பு வடிவில் வெட்டிய ஓர் இலக்கு. அதற்குப் பின்முகங்கள் இரண்டு, வெவ்வேறு கோணங்களில் சாய்ந்தவை. லேசர் ஒன்றுதான், வந்ததோ இரண்டு புரோட்டான் கற்றைகள், ஒவ்வொன்றும் அதனதன் பின்முகத்துக்குச் செங்குத்தாக. முன்முகத்தில் பிறந்த கற்றைக்கு, தான் வெளியேறப்போகும் முகத்தின் சாய்வு எப்படித் தெரியும்? 2001-இல் மெக்கின்னன் குழு பின்முகத்தை மட்டும் இன்னொரு லேசரால் முன்கூட்டியே சூடாக்கி அங்கே ஒரு பிளாஸ்மாச் சரிவை உண்டாக்கியது. கூர்மையான விளிம்பு போனதும் உறையின் புலம் தளர்ந்தது. புரோட்டான் ஆற்றலும் விழுந்தது. 2002-இல் ஹெகெலிச் குழு தகட்டைச் சூடேற்றி அழுக்கையே ஓட்டிவிட்டது. புரோட்டான் இல்லாத பின்முகத்திலிருந்து, அங்கே பூசியிருந்த புளோரின், பத்துக்கோடி எலக்ட்ரான் வோல்ட் அளவிலான ஆற்றலோடு பறந்தது.

எனக்குப் பிடித்த சோதனை 2004-இல் ஆலன் குழு செய்தது. ஆர்கான் அயனித் துப்பாக்கியால் தங்கத் தகட்டின் ஒரு முகத்தை மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்து, லேசரைச் சுட்டார்கள். முன்முகத்தைச் சுத்தம் செய்தபோது கற்றையில் எந்த மாற்றமும் இல்லை. பின்முகத்தைச் சுத்தம் செய்தபோது புரோட்டான்களின் எண்ணிக்கை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. வழக்கு முடிந்தது என்று சொல்லத் தோன்றும். முழுதாக முடியவில்லை. 2007-இல் பிரான்சின் சாக்லேயில் செக்கோட்டி குழு, மிகத் தூய்மையான துடிப்புகளை மிக மெல்லிய படலங்கள் மீது பாய்ச்சியபோது, இரு முகங்களிலிருந்தும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் புரோட்டான்கள் எதிரெதிர் திசைகளில் கிளம்பின. முன்முக முடுக்கம் பொய்யல்ல; தடித்த தகடும் அழுக்கான துடிப்பும் இருக்கும்போது பின்முகம் அதை வென்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

‘அழுக்கான துடிப்பு’ என்றேனே, அதை விளக்க வேண்டும். லேசர் துடிப்பின் உச்சிக்கு முன்னால் ஒரு நானோநொடி அளவுக்கு மங்கலான ஒளி வந்துகொண்டிருக்கும். உச்சியைவிடப் பத்து லட்சம் மடங்கு மங்கல் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்சி 10²⁰ என்றால் இந்த மங்கல் சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁴ வாட். பரப்பைப் பிளாஸ்மாவாக்க 10¹² கூடத் தேவைக்கு மேல். ஆக, உச்சி வரும்போது தகடு தகடாக இருப்பதில்லை. மெல்லிய தகடாக இருந்தால் அதிர்வலை பின்முகம் வரைக்கும் போய், உறைக்குத் தேவையான கூர்மையான விளிம்பையே குலைத்துவிடும். ஜெர்மனியின் கார்ச்சிங்கில் காலூட்சா குழு 2004-இல் காட்டியபடி, மிக அதிக ஆற்றல் தரும் தகட்டுத் தடிமன் எது என்பதை முன்னொளி நீடிக்கும் நேரமே தீர்மானிக்கிறது. இதை அடக்கக் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று பிளாஸ்மா ஆடி. ஒளியைப் பிரதிபலிக்காத பூச்சுள்ள கண்ணாடி ஒன்றைப் பாதையில் வைப்பது. மங்கலான முன்னொளி கண்ணாடிக்குள் புகுந்து போய்விடும். வலிய துடிப்பு வரும்போது பரப்பு பிளாஸ்மாவாகி, துடிப்பை மட்டும் பிரதிபலிக்கும். ஒவ்வொரு சுடலுக்கும் கண்ணாடியில் ஒரு வடு. அதை நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

இனி கருவிகள். இந்தத் துறையில் நுழையும் எவரும் முதலில் வியப்பது, இத்தனை நவீனமான லேசருக்குப் பக்கத்தில் இத்தனை பழைய கருவிகள் இருப்பதைப் பார்த்துத்தான். காரணம் உண்டு. தகட்டிலிருந்து தப்பி ஓடும் எலக்ட்ரான்கள் அறை முழுவதும் ஒரு மின்காந்த அதிர்வைக் கிளப்பும். அருகிலுள்ள மின்னணுக் கருவிகள் திணறிப்போகும். சில செத்தே போகும். படலமும் பிளாஸ்டிக்கும் திணறுவதில்லை.

அதனால்தான் கதிர்நிறப் படலம் இன்றும் கோலோச்சுகிறது. மருத்துவமனைகளில் கதிர்வீச்சின் அளவைச் சரிபார்க்க உருவான படலம் இது. கதிர்வீச்சு பட்டால், கழுவத் தேவையில்லாமல், தானே நீலமாகும். இதைப் பத்து இருபது அடுக்குகளாக அடுக்கி இலக்குக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் வைப்பார்கள். புரோட்டான் தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பயணத்தின் கடைசியில்தான் கொட்டும். இதற்குப் பிராக் உச்சி என்று பெயர். ஆகவே முதல் அடுக்கில் மந்தமான புரோட்டான்களின் படம், கடைசி அடுக்கில் வேகமானவற்றின் படம். சுட்டு முடித்ததும் படலங்களை எடுத்து ஸ்கேனரில் வைத்துப் பார்த்தால் கற்றையின் வடிவம், விரிகோணம், ஆற்றல் பரவல் மூன்றும் ஒருசேரக் கிடைக்கும். ஆற்றல் கூடக்கூட வட்டம் சுருங்குவது கண்ணாலேயே தெரியும்.

ஆனால் படலத்துக்குப் புரோட்டானையும் எக்ஸ் கதிரையும் எலக்ட்ரானையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எது பட்டாலும் நீலம். அங்கேதான் சிஆர்-39 வருகிறது; மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யப்படும் அதே பிளாஸ்டிக். அயனி ஒன்று புகுந்தால் அதன் தடத்தில் மூலக்கூறு இழைகள் அறுந்துபோகும். சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்தால் அந்தத் தடம் அரிக்கப்பட்டு, நுண்ணோக்கியில் எண்ணக்கூடிய குழியாகும். ஒளிக்கும் எக்ஸ் கதிருக்கும் எலக்ட்ரானுக்கும் இது அசைவதில்லை. ஒரேயொரு புரோட்டானைக்கூடக் காட்டிவிடும். பலவீனம் நேர் எதிரானது: புரோட்டான்கள் நெருக்கமாக விழுந்தால் குழியோடு குழி கலந்து எண்ணவே முடியாமல் போகும்.

மூன்றாவது கருவி ஜே.ஜே. தாம்சனுடையது. 1912 வாக்கில் கேவென்டிஷ் ஆய்வகத்தில் அவர் நியான் அயனிகளை ஒரே திசையிலமைந்த மின்புலம், காந்தப்புலம் இரண்டின் ஊடாகவும் செலுத்தியபோது, ஒளிப்படத் தட்டில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பரவளையங்கள் விழுந்தன, நியான்-20, நியான்-22. அந்தத் தாம்சன் பரவளையமானியே இன்று லேசர் அறைகளில் நிற்கிறது. ஒவ்வொரு மின்னூட்ட-நிறை விகிதத்துக்கும் ஒரு வளைகோடு; கோட்டின் மீது எங்கே விழுந்தது என்பது ஆற்றலைச் சொல்லும். புரோட்டானின் கோடு தனித்து நிற்கும். ஆறு எலக்ட்ரான்களையும் இழந்த கார்பனும் டியூட்டீரியமும் ஒரே விகிதம் என்பதால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தொல்லை கொடுக்கும். இதைவிடப் பெரிய குறை, இந்தக் கருவி பார்ப்பது ஊசித்துளை வழியே. கற்றையின் ஒரு மயிரிழைத் திசையை மட்டும்.

வளையாமல் நேராக வருபவை தட்டில் ஒரே புள்ளியில் விழும். வழக்கமாக அது எக்ஸ் கதிர்களின் புள்ளி. அச்சின் தொடக்கம் எங்கே என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. மும்பையின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் எம். கிருஷ்ணமூர்த்தியின் குழுவோ, வளையாமல் வருபவற்றில் மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நடுநிலை அணுக்கள் இருப்பதை 2013-இல் காட்டியது. ஆர்கான் கொத்துகளில் முடுக்கப்பட்ட அயனிகள் போகும் வழியில் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டு மின்னூட்டமற்ற அணுக்களாகியிருந்தன. அயனிகளை மட்டுமே தேடுகிறவர் கண்ணில் இவை படவே படா.

நான்காவது வழி அணுக்கரு வினை. ஸ்னேவ்லி குழு படலங்களோடு டைட்டானியத் தகடுகளையும் வைத்திருந்தது. புரோட்டான் பட்டால் டைட்டானியம்-48 வனேடியம்-48 ஆகும். அரை ஆயுள் 16 நாட்கள், அவசரமின்றி எண்ணலாம். செம்பை வைத்தால் துத்தநாகம்-63. 38 நிமிடத்தில் பாதி போய்விடும், அறையைத் திறந்ததும் ஓட வேண்டும். எலக்ட்ரான் வெள்ளத்துக்கு நடுவிலும், குறிப்பிட்ட ஆற்றலைத் தாண்டிய புரோட்டான்கள் உண்மையிலேயே வந்தன என்பதற்கு இதைவிட நம்பகமான சாட்சி இல்லை.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், செய்திகளில் வரும் ‘உச்ச ஆற்றல்’ எண். படலத்தில் அது கடைசியாக நீலம் தெரிந்த அடுக்கு. அடுத்த அடுக்கு வரைக்கும் உள்ள இடைவெளி அதன் ஐயப்பாடு. சிஆர்-39இல் அது ஒருசில குழிகளாக இருக்கலாம். பரவளையமானியில் அது ஒரேயொரு திசையின் கதை; கற்றை சற்றே விலகிப்போயிருந்தால் எண்ணும் விழுந்துவிடும். ஒரே லேசரின் அடுத்தடுத்த சுடல்களே ஒத்துப்போவதில்லை. இரண்டு ஆய்வகங்களின் சாதனைகளை ஒரே வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்துக் கோடு இழுக்கும் பழக்கத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

அளக்கப்பட்ட பொருளே அளக்கும் கருவியாக மாறியதுதான் இந்தக் கதையின் மிகச் செழிப்பான பகுதி. கற்றையின் தரம் அதற்கு இடம் கொடுத்தது. 2004-இல் கோவன் குழு, தகட்டின் பின்முகத்தில் நுண்ணிய வரிப்பள்ளங்களைக் கீறிவிட்டுச் சுட்டது. படலத்தில் அந்த வரிகள் பெரிதாகி, கலையாமல் வந்து விழுந்தன. அதிலிருந்து கணக்கிட்டால், கற்றையின் குறுக்குச் சிதறல் வழக்கமான முடுக்கிகளின் கற்றையைவிட ஏறத்தாழ நூறு மடங்கு குறைவு. பரந்து விரியும் கற்றைதான். ஆனால் எல்லாப் புரோட்டான்களும் சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள ஒரு மாயப் புள்ளியிலிருந்து கிளம்பியதுபோல நடந்துகொள்கின்றன. படம் பிடிக்க இதைவிட நல்ல ஒளிமூலம் கிடைக்குமா?

பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்க்கோ போர்கேசியும் அவரது சகாக்களும் 2002 வாக்கில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு லேசரால் புரோட்டான் கற்றையை உண்டாக்கி, அதை இன்னொரு லேசர் தாக்கிய பிளாஸ்மாவின் குறுக்கே அனுப்புவது. எக்ஸ் கதிர் பொருளின் அடர்த்தியைக் காட்டும். புரோட்டானோ மின்னூட்டம் கொண்டது, மின்புலமும் காந்தப்புலமும் இருக்கும் இடத்தில் வளையும். படலத்தில் புரோட்டான்கள் எங்கே குவிந்தன, எங்கே விலகின என்பதைப் பார்த்துப் புலத்தை மீட்டெடுக்கலாம். நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது. 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் 2 மில்லிமீட்டரைக் கடக்க 46 பிக்கோநொடி ஆகும். 5 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானுக்கு 65. எல்லாம் ஒரே கணத்தில் கிளம்பினாலும் பிளாஸ்மாவை வேறுவேறு நேரத்தில் கடக்கின்றன. படல அடுக்கில் வேறுவேறு ஆழத்தில் பதிகின்றன. ஒரே சுடலில், ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சட்டமாக, சில பத்து பிக்கோநொடி நீளமுள்ள திரைப்படம். புரோட்டான்கள் ஒரே ஆற்றலில் வருவதில்லை என்பது முடுக்கி கட்டுபவர்களின் நிரந்தரப் புலம்பல். படம் பிடிப்பவர்களுக்கு அதுவே மூலதனம்.

2005-இல் ரொமனானி குழு இந்தக் கருவியைத் திருப்பி, கற்றையை ஈன்ற உறையின் மீதே குறிவைத்தது. ஒரு தகட்டின் பின்முகத்தில் உறை பிறந்து விரிவதை, இன்னொரு தகட்டிலிருந்து வந்த புரோட்டான்கள் குறுக்கே கடந்து படம்பிடித்தன. தொடக்கத்தில் பரப்பை ஒட்டி வலுவான புலம். பிறகு, விரிந்து போகும் புரோட்டான்களின் முகப்பில் புலத்தின் உச்சி. பேட்ரிக் மோரா 2003-இல் கணிதத்தில் எழுதிக் காட்டியிருந்த, வெற்றிடத்துக்குள் விரியும் பிளாஸ்மாவின் சித்திரம் அதுதான். ஐந்தாண்டுகளாக அனுமானமாக இருந்த உறை அன்று நேரில் பார்க்கப்பட்டது.

உச்ச ஆற்றலுக்கான போட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோவாவின் பெட்டாவாட் கிளை 1999-இல் மூடப்பட்டது; அதன் 58 பத்தாண்டுக்கு மேல் அசையவில்லை. 2011-இல் லாஸ் அலமோஸின் டிரைடென்ட் 67.5, 2016-இல் டார்ம்ஸ்டாட்டின் பீலிக்ஸ் 85, 2018-இல் வல்கன் 94-க்கு மேல். பதினெட்டு ஆண்டுகளில் இரண்டு மடங்குகூட ஆகவில்லை என்பதைக் கவனிக்கலாம். உறைமுடுக்கத்தை மட்டும் நம்பினால் இவ்வளவுதான் என்ற சோர்வு இருந்தது. ஒளியின் அழுத்தத்தாலேயே படலத்தைத் தள்ளலாம் என்று எசிர்கெபோவ் குழு 2004-இல் கணக்கிட்டிருந்தது. 10²⁰ வாட் செறிவில் பிரதிபலிக்கும் ஒளியின் அழுத்தம் ஆறாயிரம் கோடி வளிமண்டலங்களுக்கும் மேல். கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹேபர்பெர்கர் குழு 2012-இல் ஹைட்ரஜன் வாயுத் தாரையில் அதிர்வலையைக் கிளப்பி, 22 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில், ஒரு சதவீத அகலமே உள்ள புரோட்டான்களைப் பெற்றது. நல்ல முடிவு. ஆனால் எண்ணிக்கையில் மிகச் சொற்பம்.

வல்கனின் 94-க்கும், அதற்கடுத்துவந்த பாய்ச்சலுக்கும் பின்னால் இருப்பது ஒரு பழைய இந்தியப் பெயர். 1970-இல் பிரிடிமன் காவ், ஜான் டாசனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒளி புக முடியாத அடர்த்தியான பிளாஸ்மாவானாலும், ஒளி போதிய வலுவோடு இருந்தால், எலக்ட்ரான்களின் நிறை சார்பியல்படி கூடிவிடும். கனத்த எலக்ட்ரான்கள் ஒளியைத் தடுக்க வேகமாக அசைய முடியாமல் போக, பிளாஸ்மா ஒளிபுகும் பொருளாகிவிடும். காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கியவர் இதே காவ். அவர் எழுதியபோது அப்படிப்பட்ட லேசர் உலகில் எங்கும் இல்லை. மிக மெல்லிய படலம் துடிப்பின் உச்சி வரும் கணத்தில் ஒளிபுகுமாறு செய்தால், லேசர் எலக்ட்ரான்களைப் பரப்பில் மட்டுமல்லாமல் முழுக் கனத்திலும் சூடேற்றும்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையத்தில், டிராக்கோ என்னும் பெட்டாவாட் லேசரைக் கொண்டு சீக்லர் குழு 2024-இல் 150 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை அறிவித்தது. இதில் விசித்திரம் என்னவென்றால், உச்சிக்கு முன்வரும் ஒளியை அவர்கள் எதிரியாக நினைக்கவில்லை. பிளாஸ்டிக் படலத்தைச் சற்றே சூடாக்கி விரியவைத்து, உச்சி வரும் நேரத்தில் ஒளிபுகும் நிலைக்குத் தயார்செய்தது அந்த முன்னொளியே. இருபது ஆண்டுகள் விரட்டிய தொந்தரவுக்கு வேலை கொடுத்துவிட்டார்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சை என்ற வாக்குறுதி இந்தத் துறையின் நிதி விண்ணப்பங்களில் தொடக்கம் முதலே இருக்கிறது. சென்னை தரமணியில் 2019-இல் திறக்கப்பட்ட புரோட்டான் சிகிச்சை மையத்தை அறிந்தவர்களுக்கு இதன் கவர்ச்சி புரியும். அங்கே இருப்பதைப் போன்ற 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் சைக்ளோட்ரான் ஒன்றின் எடை 200 டன்னுக்கு மேல். 58 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் உடலுக்குள் 3 சென்டிமீட்டர்தான் போகும். 150 என்றால் 15 சென்டிமீட்டருக்கு மேல், பல கட்டிகளுக்கு எட்டும். ஆனால் எட்டுவது வேறு, சிகிச்சை வேறு. மருத்துவருக்கு வேண்டியது தேர்ந்த ஆற்றல், நொடிக்கு நொடி மாறாத அளவு, மில்லிமீட்டர் துல்லியம். லேசர் கற்றையில் எல்லா ஆற்றலும் கலந்திருக்கிறது. உச்ச ஆற்றலில் இருப்பவை சொற்பம். முடுக்கியைச் சிறிதாக்கினாலும் கற்றையை நோயாளியைச் சுற்றித் திருப்பும் இயந்திரமும் கான்கிரீட் சுவரும் சிறிதாகிவிடாது. ‘மேசைமேல் புற்றுநோய்ச் சிகிச்சை’ என்ற தலைப்புகளை நான் நம்பவில்லை.

அதற்காக டிரெஸ்டனில் நடந்த இன்னொரு வேலையைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. 2022-இல் குரோல் குழு, எலியின் காதில் வளர்த்த மனிதக் கட்டிகளுக்கு லேசர் புரோட்டான்களைக் கொடுத்தது. துடிப்புக் காந்தச் சுருள்களால் கற்றையிலிருந்து வேண்டிய ஆற்றலைத் தேர்ந்து, கட்டி முழுவதும் சீரான அளவைப் பரப்பி, அதே நகரத்தின் சிகிச்சைச் சைக்ளோட்ரானோடு ஒப்பிட்டார்கள். அந்தச் சோதனையின் சிரமம் முடுக்கத்தில் இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு கதிர்வீச்சு போய்ச் சேர்ந்தது என்பதை உடனுக்குடன், நம்பும்படியாக அளப்பதில் இருந்தது. ஒரு பிக்கோநொடியில் பிறந்து சில நானோநொடியில் வந்து சேரும் இத்தனை புரோட்டான்களை அளக்க, மருத்துவமனையின் வழக்கமான அயனிக்கூடம் அப்படியே பயன்படாது.

இன்றைய நெருக்கடியும் அங்கேதான். நோவா போன்ற லேசர் நாளுக்கு ஒருசில முறைதான் சுடும். படலத்தை மாற்ற நேரம் தாராளம். டிராக்கோ, இந்தூர் ராஜா ராமண்ணா மையத்தின் 150 டெராவாட் லேசர் போன்ற டைட்டானியம்-சபையர் லேசர்கள் நொடிக்குப் பல முறைகூடச் சுட வல்லவை. ஒவ்வொரு சுடலுக்கும் அறையைத் திறந்து படலம் மாற்றி, சிஆர்-39-ஐ ஊறவைத்துக்கொண்டிருந்தால் லேசரின் வேகத்துக்கே பொருளில்லை. ஆகவே ஒளிர்பொருள் தகடுகளும், புரோட்டான் வந்துசேரும் நேரத்தை அளக்கும் வைர உணரிகளும், பரவளையமானியின் பின்னால் நுண்குழல் தட்டுகளும் படலத்தின் இடத்தைப் பிடித்துவருகின்றன. மின்காந்த அதிர்விலிருந்து அவற்றைக் காப்பதே தனி வேலை. இலக்கும் தகடாகவே இருக்க முடியாது. உறைந்த ஹைட்ரஜன் தாரை, திரவத் தாள் என்று தானே புதுப்பித்துக்கொள்ளும் இலக்குகளைச் சோதிக்கிறார்கள். அதில் அழுக்குக்கு வேலையில்லை, தாரையே ஹைட்ரஜன்.

டிரெஸ்டன் குழுவின் 2024-ஆம் ஆண்டுக் கட்டுரையில் 150 என்ற எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அதன் ஓரத்தில் உள்ள ஓர் அளவீடு. படலத்தைக் கடந்து மறுபுறம் கசியும் லேசர் ஒளியை அவர்கள் ஒவ்வொரு சுடலிலும் அளந்தார்கள். உயர் ஆற்றல் புரோட்டான்கள் வந்த சுடல்களையெல்லாம் அந்தக் கசிவின் அளவைக் கொண்டே இனம்காண முடிந்தது. படலம் சீக்கிரமே ஒளிபுகுந்தாலும் ஆற்றல் குறைகிறது, புகாமலே போனாலும் குறைகிறது. புரோட்டானையே தொடாமல், மிச்ச ஒளியை மட்டும் பார்த்து, அடுத்த சுடலுக்கு லேசரையும் படலத் தடிமனையும் கணினியே திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இந்த அளவீட்டைப் பயன்படுத்தலாம் என்பது அவர்களது முன்மொழிவு.